சொங்க்லாவில் மணி என்ன?

பெண் பார்க்கிறவர்கள் பெண் வீட்டுக்குத்தான் வருவார்கள். காப்பி குடிப்பார்கள், கேசரியைப் பாதி தின்று மீதி வைப்பார்கள், போய் ஒரு பதிலும் சொல்லாமல் இருப்பார்கள். ஊர் உலகத்தில் நடப்பது இதுதான். பெண் பார்க்க இரண்டு குடும்பமும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போன கதையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். யோசனை வாசுகியுடையது என்பதால் அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அவளால் வேறு யாரையும் குறை சொல்ல முடியாமல் போனது.

மலேசியாவில், சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங் வரிசை வீடுகளில் ரகசியம் தங்காது. வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தால் போதும், எதிர் வீட்டில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். வாசுகியை மூன்று முறை பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று முறையும், "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அவள் அம்மா புஷ்பவள்ளி இளைத்துப் போனாள். நான்காவது வரன் வந்தபோது வாசுகி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே நான் தட்டு தூக்க மாட்டேன்மா. அவங்க என்னைப் பாக்கணும்னா வெளிய வரட்டும். நம்மள யாருக்கும் தெரியாத ஊரா இருக்கணும்."

"பினாங்கு போலாமா?" என்றார் தாய்மாமன் அப்பளசாமி. வரன் கொண்டு வந்தவர் அவர்தான்.

"வெள்ளிக்கிழமை லீவுல பாதி சுங்கை பட்டாணியே பினாங்குலதான் இருக்கும் மாமா."

அப்படித்தான் தாய்லாந்து முடிவானது. சொங்க்லாவில் கடல் இருக்கிறது, பொன் நிறக் கடற்கன்னி சிலை இருக்கிறது, ஊர் முழுக்கப் புத்தர் கோயில்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் புத்தர் ஒருக்களித்துப் படுத்திருப்பார், அங்கே சந்திக்கலாம் என்று மாமா ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளையின் அம்மா பரஞ்சோதி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். "ஒன்பதரைக்கு நல்ல நேரம், அங்க இருங்க" என்று போனில் சொன்னார். "இருப்போம்" என்று மாமாவும் சொன்னார். யார் கடிகாரத்து ஒன்பதரை என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

விடிவதற்கு முன்பே மாமாவின் வேன் வாசலில் வந்து நின்றது. அது பள்ளிக்கூட வேன். வெள்ளியும் சனியும் விடுமுறை என்கிற அந்தப் பக்கத்தில் ஞாயிறு முதல் வியாழன் வரை பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்பதால் ஜன்னலெங்கும் ஸ்டிக்கர், சீட்டுக்கு அடியில் பென்சில் சீவல். லோரி ஓட்டும் அப்பா ஜொகூரில் இருந்து போன் செய்து, "நீங்க பாத்துட்டு வாங்க, எனக்குப் புள்ள சிரிச்சா போதும்" என்று சொல்லிவிட்டார். வாசுகி இரண்டு சேலையை உடுத்திப் பார்த்து அவிழ்த்து, கடைசியில் ஒரு பச்சைச் சுரிதாரில் வந்து வேனில் ஏறினாள்.

"சேலை கட்டல?" அம்மாவின் முகம் விழுந்தது.

"கடற்கரையில சேலை கட்டினா காத்து அடிச்சிட்டுப் போயிடும்மா. அப்புறம் அவங்க பொண்ணைப் பாக்க மாட்டாங்க, சேலை எங்க போச்சுன்னு பாப்பாங்க."

வாசுகிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளை இதற்கு முன் பார்த்துவிட்டுப் போனவர்கள் யார் என்றே அவளுக்குத் தெரியாது. இந்தத் தடவை அப்படியில்லை, பையனை அவளுக்குத் தெரியும், அது வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு போன் வந்தது. "பெண்டாங்ல இருந்து பேசறேன், கண்ணு செக் பண்ணணும்" என்றது ஓர் ஆண் குரல். எது தெரியவில்லை, கிட்டத்திலா தூரத்திலா என்று அவள் கேட்டாள். "சுங்கை பட்டாணி தெரியல, கொஞ்சம் தூரம்" என்றது குரல். அவன்தான் தீபன். பெண்டாங் வயல்காட்டில் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன், மாமா அனுப்பிய விவரத்தில் கடையின் பெயரைப் பார்த்துப் பிடித்துவிட்டான். அன்று முதல் அவளுடைய போனில் அவன் பெயர் 'பெண்டாங் கஸ்டமர்'.

முதல் நாளே அவன் தனக்கு முப்பது என்றான். வாசுகி பட்டென்று, தனக்கு முப்பத்து மூன்று என்று சொல்லிவிட்டாள். மூன்று வரன் போனதே அந்த வயதால்தான், இதுவும் போனால் இன்றைக்கே போகட்டும் என்று நினைத்தாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் மெஷின் கூட என்னைவிட மூத்ததுதான், நல்லாத்தான் ஓடுது" என்றான். இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் அவள் அன்று இரண்டு கஸ்டமருக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தாள்.

"அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்று தீபன் வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், இன்னும் சொல்லவில்லை.

புக்கிட் காயு ஈத்தாம் எல்லையில் வரிசை நீளமாக இருந்தது. அங்கே வைத்துத்தான் அப்பளசாமி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாசு, அந்தம்மா வயசு கேட்டா இருபத்தொன்பதுன்னு சொல்லு. நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

வாசுகி சீட்டில் நிமிர்ந்தாள். "ஏன் மாமா?"

"பையனைவிட ஒரு வயசாவது கொறைய இருக்கணும்ல? முப்பத்து மூணுன்னு சொன்னா அந்தம்மா பெண்டாங்கைவிட்டே கிளம்பியிருக்காது. கல்யாணம் முடிஞ்சா யாரு லா வயசு கேக்கப் போறா?"

அம்மா ஜன்னல் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வாசுகிக்கு வந்த கோபத்தில் வேனைவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அங்கே அந்தப் பக்கம், கடலோர ஊர் ஒன்றில், இரண்டு மாதமாகப் போனில் குரலாகவும் படமாகவும் மட்டும் இருந்த ஒருவன் உடம்போடு நிற்கப் போகிறான். பொய்யோடு போய் அவன் வீட்டில் வாழ முடியாது. உண்மையைச் சொன்னால் வாழவே வழியில்லாமல் போகலாம். எது எப்படியானாலும் இன்றைக்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை விழும்போது அவள் முடிவு செய்தாள்.

எல்லை தாண்டியதும் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது. மாமா பெருமையாகத் தன் கைக்கடிகாரத்தையும் திருகிப் பின்னால் வைத்தார். "தாய்லாந்து டைம். இங்க வந்தா எல்லாருக்கும் ஒரு மணி நேரம் இலவசம்."

'என் வயசையும் இப்படித்தான் திருப்பி வச்சிருக்கீங்க' என்று வாசுகி நினைத்துக்கொண்டாள்.

சொங்க்லாவுக்குள் வேன் நுழைந்தபோது மாமாவின் கடிகாரத்தில் எட்டுதான் ஆகியிருந்தது. "ஒன்றரை மணி நேரம் இருக்கு. அவசரமே இல்ல. கடலைப் பாத்துட்டே போவோம்" என்று அவர் வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினார்.

சவுக்கு மரங்களுக்கு நடுவே சட்டென்று கடல் தெரிந்ததும் வாசுகி தன்னை மறந்து கத்திவிட்டாள். மெர்போக் பக்கத்து ஆற்று முகத்துவாரத்தில் சேற்றுக் கடலையும் பினாங்கில் கட்டடம் மறைத்த கடலையும் பார்த்து வளர்ந்தவள் அவள். இது வேறு கடல், கிழக்குக் கடல், அதன் மேல் சூரியன் அப்போதுதான் ஏறியிருந்தது. தூரத்தில் ஒரு தீவுக்குப் பூனை என்றும் இன்னொன்றுக்கு எலி என்றும் பெயராம், அவற்றுக்குக் கரையில் சிலை வேறு வைத்திருந்தார்கள். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையில் கால் வைத்து, "ஐயோ, மண்ணு இழுக்குதுடி!" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். பாறை மேல் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்துகொண்டிருக்கும் கடற்கன்னியைப் பார்த்த அப்பளசாமி மாமா, அவள் மேலாடை இல்லாமல் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, அக்காவோடு படம் எடுப்பதா வேண்டாமா என்று சங்கடத்தில் நெளிந்தார். கடைசியில் கன்னியின் தலையையும் தன் தலையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

பசி வந்தது. கடற்கரை ஓரத்துக் காப்பிக் கடையில் சுட்ட கோழியும், கையில் பிசுபிசுக்கும் ஒட்டுச் சோறும் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை என்று அம்மா கோழியை ஒதுக்கிவிட்டு பொரித்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டாள். மாமா தாய்லாந்து சிம் வாங்கவில்லை, "ஒரு நாளைக்கு எதுக்கு லா?" என்று எல்லையோர டானோக்கில் நிறுத்தாமலே வந்துவிட்டார். ஆனால் கடைச் சுவரில் வைஃபை எண் எழுதியிருந்தது. வாசுகி சும்மா தட்டிப் பார்த்தாள்.

போன் அவள் கையில் துடிக்கத் தொடங்கியது. எல்லாம் 'பெண்டாங் கஸ்டமர்'.

'வந்துட்டோம்.'

'நாங்க உள்ள இருக்கோம், புத்தர் காலுகிட்ட.'

'எங்க இருக்கீங்க?'

'அம்மா வாசலையே பாத்துட்டு இருக்காங்க.'

'மணி பத்தாகுது வாசு. ஏதாவது சொல்லு.'

கடைசிச் செய்தி இப்போதுதான் வந்திருந்தது. 'அம்மா எழுந்துட்டாங்க.'

வாசுகி தன் போனில் மணியைப் பார்த்தாள். ஒன்பது தாண்டிக் கொஞ்சம்தான். மறுபடி செய்தியைப் பார்த்தாள். பத்து. கையிலிருந்த ஒட்டுச் சோற்றை அப்படியே தட்டில் போட்டாள்.

"மாமா! ஒன்பதரைன்னு அவங்க சொன்னது எந்த ஊரு நேரம்?"

"இந்த ஊரு நேரம்தான். இந்த ஊர்லதானே பாக்கறோம்?"

"ராகு காலம் எந்த காலண்டர்ல பாத்தாங்க?"

மாமா வாயைத் திறந்தார். பெண்டாங்கில் பரஞ்சோதி வீட்டுச் சுவரில் தொங்குவது மளிகைக்கடைக்காரர் கொடுத்த மலேசியக் காலண்டர். அது அவருக்கு மெல்ல மெல்ல உறைத்தது. "ஆலாமா!" என்று தலையில் கை வைத்தார்.

அப்புறம் நடந்தது ஓட்டம். அம்மா ஒரு செருப்பைக் காப்பிக் கடையிலேயே விட்டுவிட்டாள், அதை எடுக்க மாமா திரும்பி ஓடினார், அவர் வருவதற்குள் வாசுகி வேனின் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குத் தாவி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளை மிரட்டியே பழகிய ஹாரன், சொங்க்லாத் தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு வழிப் பாதையில் எதிரே போய்த் திட்டு வாங்கி, பொன் கோபுரத்தைக் கண்டதும் நிறுத்தி, மூச்சிரைக்க உள்ளே ஓடிப் பார்த்தால் புத்தர் நின்றுகொண்டிருந்தார்.

"படுத்திருக்கணுமே மாமா!"

"ஊரு பூரா கோயிலா இருந்தா நான் என்ன லா பண்றது!"

சரியான கோயிலைக் கண்டுபிடித்தபோது மாமாவின் கடிகாரத்தில் ஒன்பதரை தாண்டியிருந்தது. பரஞ்சோதியின் கடிகாரத்தில் பத்தரை தாண்டியிருந்தது. ராகு காலம் பிறந்துவிட்டது.

வாசலில் தீபன் நின்றிருந்தான். போனில் பார்த்ததைவிடக் கறுப்பு, போனில் பார்த்ததைவிட உயரம், இஸ்திரி போட்ட சட்டையில் பெண்டாங் வெயில் அப்படியே ஒட்டியிருந்தது. வாசுகி எத்தனையோ முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் வார்த்தை அவளுக்கு மறந்து போனது.

"வந்துட்டியா" என்றான் அவன். அம்மாவும் மாமாவும் இருப்பது அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "வாங்க, வாங்க" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். புஷ்பவள்ளி மகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வீட்டுக்குப் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

உள்ளே மண்டபத்தின் நீளத்துக்குப் புத்தர் படுத்திருந்தார். தலையைக் கையில் தாங்கி, உலகத்தில் எந்த அவசரமும் இல்லாத ஒரு சிரிப்போடு. அவருடைய பாதங்களுக்கு எதிரே பாயில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், மாம்பழ நிறப் பட்டுச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை. அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் அவர் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினார்.

"அங்கேயே நில்லுங்க. மணி பத்தரை தாண்டிடுச்சு. ராகு காலத்துல நான் பொண்ணு முகத்தைப் பாக்க மாட்டேன்."

"அம்மா, இங்க ஒன்பதரைதான்மா" என்றான் தீபன்.

"நான் இங்க பொறந்தவளா? ஒரு மணி நேரமா வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நல்ல நேரம் முழுசும் போச்சு."

அப்பளசாமி மாமா முன்னால் வந்தார். "மன்னிக்கணும் சிஸ்டர். தப்பு எங்க மேலதான். ஆனா பாருங்க, இந்த மண்ணுல இப்பதான் நல்ல நேரம் ஆரம்பிக்குது..."

"சூரியனுக்கு எல்லை இருக்கா? இமிகிரேஷன்ல நின்னு முத்திரை குத்திட்டா வருது?" என்றார் பரஞ்சோதி, புத்தரின் பாதத்தைப் பார்த்தபடியே.

மாமா கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு, அதாவது மலேசியப் பன்னிரண்டுக்கு, ராகு காலம் முடியும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெண் வீட்டார் இன்னும் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்றார் பரஞ்சோதி. மாமாவும் அம்மாவும் வெளியே மீன் குளத்துக்குப் போனார்கள். தீபன் போக மனமில்லாமல் ஒரு தூணுக்கு அப்பால் நின்றான்.

வாசுகி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் பரஞ்சோதியின் முதுகு மட்டும் தெரிந்தது. ரவிக்கையின் மேல் வியர்வை படர்ந்திருந்தது. விடிவதற்கு முன் கிளம்பி, விரதம் போல ஒன்றும் சாப்பிடாமல் ஒரு மணி நேரம் வாசலைப் பார்த்திருந்த முதுகு அது. வாசுகி வெளியே போய் ஓர் இளநீர் வாங்கி வந்தாள். பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினாள்.

பரஞ்சோதி இளநீரையும் கையையும் பார்த்தார். "கையைப் பாத்தா முகத்தைப் பாத்ததா ஆகாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு வாங்கிக் குடித்தார். பாதி குடித்ததும் பேசினார். "உனக்குன்னு நாலு முழம் மல்லி கட்டிக் கொண்டு வந்தேன். பிடிச்சிருந்தா தலையில வச்சிட்டுப் போலாம்னு. நீங்க வரல. சரி, விதிச்சது இவ்வளவுதான்னு எடுத்து இவர் காலுல போட்டுட்டேன். அதோ கெடக்கு."

தாமரைகளுக்கும் ஊதுபத்திகளுக்கும் நடுவே, பெரிய பாதத்தின் கீழே, ஒரு சுருள் மல்லிகை கிடந்தது. வாசுகிக்குக் கண் நிறைந்தது. தனக்கென்று கட்டி எல்லை தாண்டி வந்த பூ. இனித் தாமதித்தால் சொல்லவே முடியாது என்று தோன்றியது.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். மாமா என் வயசு இருபத்தொன்பதுன்னு சொன்னாரு. அது பொய். எனக்கு முப்பத்து மூணு. தீபனைவிட மூணு வயசு பெரியவ."

தூணுக்கு அப்பால் தீபன் ஒரு அடி எடுத்து வைத்தான், பிறகு நின்றுவிட்டான். பரஞ்சோதி இளநீரை மடியில் இறக்கினார். மண்டபத்துக்குள் யாரோ ஒரு சிறிய மணியைத் தட்டினார்கள், சத்தம் மெல்லத் தேய்ந்து போனது.

"தீபனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீங்க பேசியிருக்கீங்க."

"ரெண்டு மாசமா."

"அதான பாத்தேன். சேத்துல மெஷின் மாட்டிக்கிட்டா எல்லாரும் திட்டுவாங்க, இவன் போனைப் பாத்து இளிச்சிட்டு உக்காந்திருந்தான்." பரஞ்சோதி இளநீரைக் கீழே வைத்தார். குரல் இறுகியது. "உங்க மாமா என்கிட்ட பொய் சொல்லிட்டு, இப்ப உன்னைவிட்டு உண்மை சொல்ல வைக்கிறாரா?"

"இல்ல ஆன்ட்டி. அவரு சொல்லாதேன்னு சொன்னாரு. எங்கம்மாவும் சொல்ல வேணாம்னுதான் இருந்தாங்க. நானா சொல்றேன். பொய் சொல்லி உங்க வீட்டுக்கு வந்தா தினமும் உங்க முகத்தைப் பாத்துப் பயந்துட்டே இருக்கணும். எனக்குத் தீபனைப் பிடிச்சிருக்கு. அதுக்காகத்தான் சொல்றேன்."

'பிடிச்சிருக்கு' என்ற வார்த்தையை ஒரு புத்தர் கோயிலில் ஒரு முதுகிடம் சொல்வோம் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நான் திரும்பி உன் முகத்தைப் பாத்துட்டு இருந்தா இதையெல்லாம் சொல்லியிருப்பியா?"

வாசுகி யோசித்தாள். "தெரியல ஆன்ட்டி. முதுகுகிட்ட சொல்றது கொஞ்சம் சுலபமா இருந்துச்சு."

பரஞ்சோதியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து பார்க்கிற வாசுகிக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் சத்தம் வெளியே வந்தது, சிரிப்பு.

"முப்பத்து மூணு வயசுன்னா முன்னயும் யாராவது வந்து பாத்திருப்பாங்க, அவங்களும் நல்ல நேரம் பாத்துத்தானே வந்திருப்பாங்க?" என்று கேட்டார்.

"ஆமா. எல்லாரும் பாத்துத்தான் வந்தாங்க."

"ம்." பரஞ்சோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்ற வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறதுன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். பொய் சொன்னது உன் மாமா. அவரையா நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இந்த ஊர்ல இப்ப மணி என்ன?"

வாசுகிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த போனை இரண்டு தடவை நழுவவிட்டுப் பிடித்தாள். "பத்தே கால் ஆன்ட்டி! இன்னும் கால் மணி நேரம் இருக்கு, நல்ல நேரம்! இந்த ஊரு நல்ல நேரம்!"

"அப்ப என்ன நிக்கற? உங்கம்மாவைக் கூப்பிடு. டேய் தீபா, தூணைக் கட்டிக்கிட்டு இருக்காம இங்க வா!"

அதன் பிறகு யாருக்கும் நிதானம் இல்லை. தீபன் மீன் குளத்துக்கு ஓடினான். பரஞ்சோதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசுகியின் பக்கம் திரும்பாமல் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து, புத்தர் பாதத்துக்குப் போய் மல்லிகைக்குக் கை நீட்டினார். பூக்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்த வெள்ளை உடுத்த பெண் துறவி ஒருவர் திகைத்து நிமிர்ந்தார்.

"ஆன்ட்டி, சாமிக்குப் போட்டதை எடுக்கலாமா?" என்று வாசுகி பதறினாள்.

"நம்ம கோயில்ல ஐயர் எடுத்துக் குடுக்கறதில்ல? அது பிரசாதம்." பரஞ்சோதி துறவியிடம் திரும்பினார். மல்லியைக் காட்டினார், தன் கொண்டையைத் தொட்டார், பின்னால் நிற்கும் பெண்ணைக் கட்டைவிரலால் சுட்டினார், தூரத்தில் ஓடிவரும் மகனைச் சுட்டினார், இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினார். அந்த ஊர்க் கோயிலில் போட்ட பூவை யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. துறவி மொட்டைத் தலையைத் தடவி யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கையாலும் அந்தச் சுருளை எடுத்து, குனிந்து அவரிடம் கொடுத்தார்.

அம்மாவும் மாமாவும் மூச்சு வாங்க உள்ளே வந்தபோது வாசுகி புத்தரைப் பார்த்தபடி நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் பரஞ்சோதி. பின்னல் மேல் மல்லியை வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். ஈர மல்லியில் ஊதுபத்தி வாசம் ஏறியிருந்தது.

"சிஸ்டர், இன்னும் பொண்ணு முகத்தையே பாக்கலியே?" என்றார் அப்பளசாமி மாமா, ஒன்றும் விளங்காமல்.

"பேசாம இருங்க. உங்ககிட்ட எனக்குத் தனியா பேச்சு இருக்கு, முப்பத்து மூணு பத்தி" என்றார் பரஞ்சோதி. மாமா சத்தமில்லாமல் அக்காவின் பின்னால் ஒதுங்கினார். புஷ்பவள்ளி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

கடைசிக் கண்ணியையும் சொருகிவிட்டு, பரஞ்சோதி வாசுகியின் தோளில் கை வைத்தார்.

"பூ வச்சாச்சு. எங்க, இப்பத் திரும்பு பாப்போம்."